இரு நாடுகளும் ஓர் இசையும்

வாஷிங்டனில் பிரித்தானியத் தூதராயிருந்த சிசில் ஸ்பிரிங் ரைஸ், பதவி நீங்கிய 1918ஆம் ஆண்டின் தொடக்கத்தில், முன்னர்த் தாம் எழுதிய கவிதையொன்றைத் திருத்தியமைத்தார். அதுவே ‘ஐ வாவ் டு தீ, மை கன்ட்ரி’ எனும் ஞானப்பாடல். பாடப்பெறும் வடிவில் முதற்சரணம் தாய்நாட்டுக்கும், அடுத்தது இறைவனின் நாட்டுக்கும் உரியன.

2004இல் ஹல்ம் ஆயர் ஸ்டீபன் லோ இதனைச் சமயக் கோட்பாட்டுக்கு முரணானதெனச் சாடினார். அதற்கு இடந்தருவது முதற்சரணமே. நாட்டன்பு வினா எழுப்பாது என்கிறார் கவிஞர். வினாவற்ற பற்று இறைவனுக்கே உரியதெனக் கொள்ளும் கிறித்தவர்க்கு இது நெருடலே. பின்வரும் சரணம் இக்குறையைப் போக்கிவிடுகிறது என்பாருளர். நாம் அவ்வாறு கருதவில்லை. இரண்டையும் இணைப்பது ‘மேலும்’ எனப் பொருள்படும் சொல், ‘ஆயினும்’ அன்று. கண்ணுக்குப் புலப்படாத அவ்விரண்டாம் நாடு, முதல் நாட்டின்மீது தீர்ப்பு வழங்கவில்லை. அமைதியாக அதன் அருகே நிற்கிறது, அவ்வளவே.

1921இல் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் தம் ‘வியாழன்’ இசைப்பகுதியை இதற்குப் பொருத்தினார். அம்மெட்டின் எழிலை மறுப்பாரிலர். ஆனால், இரு சரணங்களுக்கும் மெட்டு ஒன்றே. போரில் மாண்டோரை நினைந்து இதனைப் பாடுவோர், நாடு எங்கே முடிந்து இறைவன் எங்கே தொடங்குகிறான் என்பதைச் சொற்களைக் கொண்டே அறியவேண்டியுள்ளது.