சரளை நிரவும் கலை

குவியலாகக் கொட்டிய கல்லையும் மண்ணையும் ஒரே கனத்தில் விரித்து, மழைநீர் தங்காத வாட்டத்தில் படிய வைப்பதே சரளை நிரவுதல். நெடுஞ்சாலையில் இதற்கு மோட்டார் கிரேடர் உண்டு. ஏரிக்கரையிலும் மனைப்பிரிவிலும் ஜே.சி.பி. போதும். தோட்டத்து வண்டிப்பாதை, மாட்டுக்கொட்டகைக்குப் போகும் தடம், வீட்டு முற்றம், மாமரங்களுக்கு நடுவே மூன்று மீட்டர் அகலத்தில் ஓடும் வழி என்று வரும்போது மினி டிராக்டருக்கு இணையான கருவி இல்லை. விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா கடைசி நாட்களில் வாழ்ந்த, தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியைச் சுற்றி, கேழ்வரகும் மாவும் புளியும் விளைகிற செம்மண் பூமியில், இப்படிப்பட்ட தடங்கள் ஏராளம். செம்மண் வெயிலில் இறுகிக் கிடக்கும். இரண்டு நல்ல மழை பெய்தால் டிரெய்லர் சக்கரம் அச்சு வரை இறங்கிவிடும். சரளை இல்லாமல் அறுவடையை வீடு சேர்ப்பது கடினம்.

பொருளுக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரப் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை உடையவை. அவற்றில் சார்னோகைட் என்னும் கருநீலப் பாறை சிறப்பானது. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போட்ட கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. அதை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலந்து, 1893-இல் அந்தப் பெயரையே பாறைக்கு வைத்தார். கிரஷரில் உடைபட்டு முக்கால் ஜல்லி, அரை ஜல்லி, கால் ஜல்லி, டஸ்ட் எனத் தரம் பிரிந்து வருவது இத்தகைய கருங்கல்தான். சிதைந்த பாறையும் களியும் கலந்து தோண்டி எடுக்கப்படும் கிராவல், அதாவது மொரம்பு, இன்னொரு வகை. பாதைக்கு வெறும் ஜல்லி ஆகாது. சக்கரத்தடியில் புரண்டு ஓரத்துக்கு ஓடிவிடும். வெறும் மண்ணும் ஆகாது. பெரிய கல்லின் இடுக்கைச் சிறிய கல்லும், அதன் இடுக்கைத் தூளும், எல்லாவற்றையும் பிணைக்கக் கொஞ்சம் களியும் இருக்கிற கலவையே நல்ல சரளை.

கல்லுக்கு முனை இருக்க வேண்டும். ஆற்றுக் கூழாங்கல் பார்க்க அழகு, பாதைக்குப் பகை. முனை உள்ள கற்கள் ஒன்றின் தோளில் ஒன்று மாட்டிக்கொண்டு பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். இதை உலகுக்கு நிறுவிக் காட்டியவர் ஸ்காட்லாந்தில் பிறந்த ஜான் மக்காடம். 1816-இல் பிரிஸ்டல் சாலைகளின் பொறுப்பை ஏற்ற அவர், அடியில் பெரிய கற்களை அடுக்கும் வழக்கத்தை விட்டு, சிறிதாக உடைத்த கல்லையே மெல்லிய அடுக்குகளாகப் பரப்பினார். சுமையைத் தாங்குவது நிலம்தான். அந்த நிலத்தை நனையாமல் காப்பதே மேலே விரிக்கும் கல்லின் வேலை என்பது அவர் கொள்கை. ஒரு மினி டிராக்டர் தோட்டப் பாதையில் செய்வதும் இதே காவல்தான்.

அளவு முதலில். நூறு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் கனம் என்றால் 30 கன மீட்டர். குவாரிக் கணக்கில் நூறு கன அடி ஒரு யூனிட், அது 2.83 கன மீட்டர். ஆக, பத்தரை யூனிட்டுக்குச் சற்று மேல். அழுந்திய பிறகு கனம் குறையும் என்பதால் கால் பங்கு கூட்டினால் பதின்மூன்று யூனிட் வரும். யூனிட்டுக்கு ஒரு குவியலாகக் கொட்டுவதென்றால், ஏழரை மீட்டருக்கு ஒரு குவியல் விழ வேண்டும். இந்த இடைவெளியைத் தரையில் குச்சி நட்டுக் காட்டிவிட்டால் பாதி நிரவல் முடிந்ததுபோலத்தான். லாரி வந்த இடத்தில் வந்தபடி கொட்டிவிட்டுப் போனால், ஒரு பக்கம் வழித்து இன்னொரு பக்கம் கொண்டுபோவதிலேயே டீசலும் பொழுதும் கரையும். பின்கதவைச் சங்கிலியால் அரைகுறையாகக் கட்டி, டிப்பரை மெல்ல நகர்த்திக்கொண்டே கொட்டத் தெரிந்த ஓட்டுநர் கிடைத்தால் இன்னும் நல்லது.

சரளை விழும் முன் தரையில் புல்லும் வேரும் மேல்மண்ணும் வழிக்கப்பட்டிருக்க வேண்டும். வழித்த தரைக்கும் வாட்டம் உண்டு. அடியில் பள்ளம் இருந்தால் மேலே எவ்வளவு அழகாக விரித்தாலும் அந்த இடத்தில் நீர் ஊறி நிற்கும்.

மினி டிராக்டர் என்று இங்கே சொல்லப்படுபவை பெரும்பாலும் முப்பது குதிரைத்திறனுக்கு உட்பட்டவை. வி.எஸ்.டி.யின் எம்.டி. 180டி 18.5 குதிரைத்திறன், மகிந்திரா ஜிவோ 245, குபோட்டா பி2441 ஆகியவை 24. உடல் குறுகல், எடை குறைவு, திரும்ப இடம் அதிகம் வேண்டாம். இவற்றின் பின்னால் பிளேடையோ, இருபுறமும் தகடு அடைத்த பெட்டி லெவலரையோ தாங்கி நிற்பது மூன்று புள்ளி இணைப்பு. கீழே இரண்டு கைகள், மேலே ஒரு டாப் லிங்க், தூக்க ஹைட்ராலிக். அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் உருவாக்கிய இந்த ஏற்பாடு 1939-இல் ஃபோர்டு டிராக்டரில் ஏறி உலகெங்கும் பரவியது. 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் மாஸி ஃபெர்குசன் டிராக்டர்கள் வழியாக அவர் பெயரைத் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கும் கொண்டுவந்தது. மாடு பூட்டிய பரம்புப் பலகையின் மேல் ஆள் ஏறி நின்று, உடல் எடையை முன்னும் பின்னும் சாய்த்துச் செய்ததை இன்று டாப் லிங்க் செய்கிறது. அதைச் சுருக்கினால் பிளேடின் விளிம்பு கவ்வி வெட்டும். நீட்டினால் வெட்டாமல் வருடிப் பரப்பும். கைதேர்ந்த ஓட்டுநர் வண்டியை எடுக்கும் முன் இறங்கிப் பார்ப்பது இந்தத் திருகைத்தான்.

குவியலை உடைப்பதில் அவசரம் கூடாது. பின்னோக்கி வந்து பிளேடின் முதுகால் குவியலின் தலையை மட்டும் தள்ளிச் சாய்க்க வேண்டும். மொத்தக் குவியலையும் முட்டினால் கீழ்க்கைகள் வளையும். இவ்வளவு சிறிய வண்டி அதற்குக் கட்டப்பட்டதல்ல. தலை சாய்ந்ததும் முன்னோக்கி இழுக்கும் சால் தொடங்கும். கியர் தாழ்ந்தது, வேகம் நடையளவு.

இந்தச் சாலில்தான் கலை முழுவதும் இருக்கிறது. பிளேடின் முன்னால் சரளை ஒரு சுருளாகப் புரண்டுகொண்டே வரும்: கீழிருந்து எழும்பும் கல் மேலே வந்து, முன்புறம் கவிழ்ந்து, மறுபடி அடியில் போகும். நடுவில் செம்புழுதி மினுங்கும். இந்தச் சுருள் பிளேடின் பாதி உயரத்தில் ஓயாமல் புரண்டால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று பொருள். ஒரு முனையில் திடீரென்று சுருள் மெலிந்தால் அங்கே பள்ளம். சரளை அதற்குள் இறங்குகிறது. சுருள் பொங்கி பிளேடைத் தாண்டினால் மேடு. மட்டம் வெட்டுவதால் வருவதைவிட, சுமந்து போகிற இந்தக் கையிருப்பு பள்ளந்தோறும் தானே இறங்குவதால்தான் வருகிறது. பெட்டி லெவலர் புதிதாகப் பழகுபவருக்கும் ஓரளவு மட்டம் தருவதற்குக் காரணமும் அதுவே: இருபுறத் தகடுகள் கையிருப்பைச் சிந்தவிடுவதில்லை.

மினி டிராக்டரின் பெரிய சோதனை அலை. முன்சக்கரம் ஒரு மேட்டில் ஏறினால் பின்னால் உள்ள பிளேடு தாழ்ந்து ஆழமாக வெட்டும். பின்சக்கரம் அதே மேட்டில் ஏறும்போது பிளேடு உயர்ந்து, வெட்டியதை அங்கே சிந்திவிடும். ஒரு மேடு இரண்டாகும். அடுத்த சாலில் இரண்டும் வளரும். வண்டி எவ்வளவு குட்டையோ அலையும் அவ்வளவு நெருக்கம். பழகாத கை உடனே ஹைட்ராலிக் நெம்புகோலை ஏற்றி இறக்கத் தொடங்கும். பிளேடு சொன்ன பேச்சுக்கு ஒரு கணம் தாமதமாகவே பணியும் என்பதால், அந்தத் திருத்தம் புதிய அலையாகிவிடும். இதற்கு மாற்று மூன்று. பிளேடைச் சுமார் முப்பது பாகை திருப்பி வைப்பது. முதல் சால்களைப் பாதைக்குக் குறுக்காகச் சாய்த்து ஓட்டி, இரு முன்சக்கரமும் ஒரே நேரத்தில் மேட்டில் ஏறாமல் பார்ப்பது. நெம்புகோலை, பிளேடை ஒரே உயரத்தில் நிறுத்தும் நிலைக் கட்டுப்பாட்டில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுவது. இழுவைக் கட்டுப்பாடு உழவுக்கு அருமையானது. சரளையில் அது பாரம் கூடிய இடத்திலெல்லாம் பிளேடைத் தானாகத் தூக்கி, வேண்டாத அலையை வலிய உண்டாக்கும். நல்ல ஓட்டுநரின் கை சால் முழுவதும் சும்மா இருப்பதைப் பார்ப்பதே இந்த வேலையின் பெரிய இன்பம். அவர் காது மட்டும் இன்ஜின் சத்தத்தில் இருக்கும். சத்தம் கனத்தால் சுருள் பெருகுகிறது என்று திரும்பிப் பாராமலே தெரியும்.

அடுத்தது வாட்டம். ஆண்டு மழை 1,000 மில்லிமீட்டருக்குக் குறைவான இடங்களில் சரளைப் பாதைக்கு 3.5 சதவீதச் சாய்வை இந்தியச் சாலைக் காங்கிரஸின் கிராமச் சாலைக் கையேடு பரிந்துரைக்கிறது. தருமபுரி அந்தக் கணக்கில் வரும். மூன்று மீட்டர் பாதையில் நடு முதுகு ஓரத்தைவிட இரண்டு அங்குலம் உயர்ந்தால் போதும். இந்த இரண்டு அங்குலத்தை டிராக்டர் தருகிற விதம் ரசிக்கத்தக்கது. வலது தூக்குத் தண்டில் ஒரு சுழற்றுப்பிடி இருக்கிறது; அதைத் திருகினால் பிளேடின் வலது முனை தாழும். அதே முனை முன்னால் இருக்கும்படி பிளேடைத் திருப்பிவிட்டால், சரளை வலமிருந்து இடமாக, அதாவது ஓரத்திலிருந்து நடுவுக்கு உருண்டு சேரும். போகும்போது பாதையின் வலப்பாதியில் போய், வரும்போது மறுபாதியில் வந்தால், இரண்டு முறையும் வலது முனைதான் வெளி ஓரத்தில் இருக்கும். சாலையில் இடப்பக்கம் போகிற பழக்கத்தை மறந்து வலப்பக்கமாகவே ஓட்டினால், ஒரே திருகில் இரு சரிவும் அமைந்து முதுகு எழும்பிவிடும்.

சால்களின் எண்ணிக்கை குறைவாக இருப்பதே தேர்ச்சிக்கு அடையாளம். திரும்பத் திரும்ப இழுத்தால் தூள் அடிக்கு இறங்கி, பெரிய கல் மேலே மிதக்கும். பாதை மட்டமாகத் தெரியும், ஆனால் பிணைப்பு போயிருக்கும். ஈரமும் இதைத் தடுக்கும். சரளையின் தூளைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கட்டைவிரல் பட்டதும் உடைய வேண்டும். அதற்குமேல் காய்ந்தால் தண்ணீர் தெளிக்கலாம். நனைந்தால் பிளேடில் அப்பும், காத்திருக்க வேண்டும்.

மட்டம் பார்க்க நூலும் டியூப் லெவலும் உண்டு. அனுபவசாலிகள் மாலை வெயிலையும் நம்புவார்கள். சாய்ந்த வெளிச்சம் அரை அங்குல அலைக்கும் நிழல் காட்டும். உச்சி வெயிலில் எந்தப் பாதையும் மட்டமாகவே தோன்றும்.

கடைசியாக அழுத்துதல். ரோலர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பாரம் ஏற்றிய டிரெய்லரை, சக்கரத் தடம் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு ஓட்டலாம். ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வர வேண்டும். நடுவில் தொடங்கினால் சரளை ஓரத்துக்குப் பிதுங்கி முதுகு தட்டையாகிவிடும். பத்து சென்டிமீட்டருக்கு மேல் கனம் தேவைப்பட்டால் இரண்டு அடுக்காகப் போட்டு, முதல் அடுக்கை அழுத்திய பிறகே அடுத்ததைக் கொட்ட வேண்டும்.

பாதை போட்ட பிறகு முதல் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் ஒருமுறை நடந்து பார்த்து, நீர் தங்கிய இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். பள்ளத்தில் புதுச் சரளையை அப்படியே கொட்டினால் அது ஒட்டாது. அடியைக் கொத்திக் கிளறி, ஈரத்தோடு கலந்து நிரவ வேண்டும். ஆண்டு முழுவதும் சக்கரம் ஓரத்துக்குத் தள்ளிய சரளையை ஐப்பசி அடைமழைக்கு முன், லேசான ஈரம் இருக்கும் நாளில், முன்போலவே வலது முனை தாழ்ந்த பிளேடால் நடுவுக்கு இழுத்துக்கொண்டால், நூறு மீட்டருக்கு ஓரிரு யூனிட் புதுச் சரளையோடு பாதை மறு ஆண்டுக்கும் தாங்கும்.