விடையைக் கணித்தலும் விடைக்குச் செவிசாய்த்தலும்

மழலை கேட்டு மகிழ்தல் மாந்தரின் பொது இயல்பு. வள்ளுவர் மக்கட்பேறு என்னும் அதிகாரத்தில் அதனை இசையினும் மேலாக வைத்துப் போற்றினார். தொலைக்காட்சியோ அதனைப் போட்டிக்குரிய பொருளாக்கிற்று. ஒரு கேள்விக்குச் சிறுவர் என்ன விடை கூறுவர் என்பதைப் பெரியோர் கணித்துப் பரிசு பெறும் நிகழ்ச்சிகள் மேலைநாடுகளில் தோன்றின. இவை வெறும் பொழுதுபோக்குத்தானே, இவற்றை ஆராய்வானேன் எனச் சிலர் வினவலாம். குழந்தையின் சொல்லைப் பெரியோர் எவ்வாறு நடத்துகின்றனர் என்பது இவற்றில் ஒளிவுமறைவின்றி வெளிப்படுகின்றது. ஆதலின் ஆசிரியப் பணியில் உள்ளோர் இவற்றை ஊன்றி நோக்குதல் தகும்.

சிறுவர் பேச்சை ஒலிபரப்புக் கலையாக வளர்த்தவருள் அமெரிக்கரான ஆர்ட் லிங்க்லெட்டர் குறிப்பிடத்தக்கவர். 1945இல் சி.பி.எஸ். வானொலியில் தொடங்கி, 1952 முதல் 1969 வரை தொலைக்காட்சியிலும் தொடர்ந்த அவருடைய ‘ஹவுஸ் பார்ட்டி’ நிகழ்ச்சியில், சிறுவரோடு உரையாடும் பகுதி பெரும்புகழ் பெற்றது. அங்குக் கணிப்பு இல்லை. சிறுவன் பேசினான், பெரியவர் கேட்டார். அவையோர் சிரித்த பொழுதும் அவன் அங்கேயே இருந்தான். அடுத்த சொல்லைச் சொல்ல அவனுக்கு வாய்ப்பும் இருந்தது.

பி.பி.சி. 1994 முதல் 1996 வரை ஒளிபரப்பிய ‘ஸ்மால் டாக்’ இதனின்றும் வேறுபட்டது. புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர் ரானி கார்பெட் அதனை நடத்தினார். சிறுவரின் விடைகள் முன்னரே பதிவு செய்யப்பட்டிருக்கும். போட்டியாளர் அவற்றைக் கணித்தல் வேண்டும். பின்னர்ப் பதிவு காட்டப்படும். இம்முறையில் ஒரு சிறப்பு உண்டு. சரியான விடையை அறிந்திருப்பதனால் மட்டும் இங்கு வெற்றி கிட்டுவதில்லை. பெரியவர் தம் அறிவை ஒதுக்கி வைத்து, சிறுவனின் உள்ளத்தில் புகுந்து நோக்கவேண்டியவராகின்றார்.

ஆயின் அந்நோக்கு பாதியிலேயே நின்றுவிடுகின்றது. ‘அலுவலகம் என்றால் என்ன?’ என்னும் கேள்விக்கு, ‘அப்பா களைத்துப்போய்த் திரும்பி வருகிற இடம்’ என ஒரு குழந்தை கூறுவதாகக் கொள்வோம். அவையோர் சிரிப்பர், கணித்தவர் மகிழ்வார் அல்லது வருந்துவார். அக்குழந்தை தான் கண்டதைக் கொண்டே ஒரு முடிவுக்கு வந்துள்ளது என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. ‘ஏன் அவ்வாறு கூறினாய்?’ எனக் கேட்கப் பதிவில் இடமில்லை. மேலும், எதிர்பார்த்தபடி பேசும் குழந்தை போட்டியாளர்க்கு ஆதாயம். வியப்பூட்டும் குழந்தை அவர்க்கு இழப்பு. புதுமையை இழப்பாகக் கருதும் ஏற்பாடு குழந்தையைக் கொண்டாடும் ஏற்பாடு ஆகாது.

இதற்கு முன்னரே, 1982 செப்டம்பர் முதல் 1983 செப்டம்பர் வரை, சி.பி.எஸ். நிறுவனம் ‘சைல்ட்ஸ் பிளே’ என்னும் நிகழ்ச்சியை ஒளிபரப்பிற்று. மார்க் குட்சன் தயாரிப்பான அதனைப் பில் கல்லன் நடத்தினார். ஒரு சொல்லுக்குச் சிறுவர் தரும் விளக்கத்தைக் கேட்டு, அச்சொல் எதுவெனப் பெரியவர் கண்டுபிடித்தல் வேண்டும். அதன் இறுதிச் சுற்றுகளுள் ஒன்றின் பெயர் ‘டர்ன்அபவுட்’, தலைமாற்று எனலாம். அதில் ஐந்து சிறுவர் நேரில் அமர்ந்திருப்பர். பெரியவர் 45 நொடிகளுக்குள் சொற்களை அவர்களுக்கு விளக்கவேண்டும், கண்டுபிடிப்போர் சிறுவர். பெரும்பரிசு 5,000 டாலர். இங்கே சோதிக்கப்படுபவர் பெரியவரே. அவர் எத்துணைக் கற்றவராயினும், குழந்தைக்கு விளங்காத விளக்கம் அச்சுற்றில் பயனற்றது. இவ்வகை நிகழ்ச்சிகளுள் கல்வியோடு நெருங்கிய உறவுடையது இச்சுற்றே என்பது நம் துணிபு.

வகுப்பறையை இவற்றோடு ஒப்பிட்டு நோக்குதல் நலம். தேர்வுக்கு முன் நாம் எழுதி வைக்கும் விடைக்குறிப்பும் ஒரு கணிப்பே. அக்குறிப்பில் அடங்கிய விடை புள்ளி பெறுகின்றது. அடங்காதது சிவப்பு மையால் அடிக்கப்படுகின்றது. நூற்றுக்கணக்கான தாள்களைத் திருத்துவோர்க்குக் குறிப்பு தேவை என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், ‘ஸ்மால் டாக்’ போட்டியாளர் கணிப்பில் தவறினால் தோற்பவர் அவரே. வகுப்பறையில் நம் கணிப்புத் தவறினால் தோற்பவர் மாணவர். இவ்வேறுபாட்டை நாம் மறத்தல் ஆகாது.

பதிவில் உள்ள குழந்தையை மீண்டும் கேட்க இயலாது. வகுப்பில் உள்ள குழந்தையோ நம் எதிரில் அமர்ந்திருக்கின்றது. எதிர்பாராத விடை வரும்பொழுது அதன் காரணத்தை வினவுதலும், நம் விளக்கம் அதற்கு எட்டியதா எனச் சோதித்தலும் ஆசிரியரின் கடன். தொலைக்காட்சிக்குக் கிட்டாத அவ்வாய்ப்பு நமக்கு நாள்தோறும் கிட்டுகின்றது.