வாடிவீடும் காட்டேஜும்

மலைக்காட்டில் இரண்டு மூன்று இரவு தங்கும் வீட்டுக்குப் பாக்கு நீரிணையின் இரு கரையிலும் ஒரே பெயர் இல்லை. இலங்கைத் தமிழில் அது வாடிவீடு. வனத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் பங்களா. தமிழ்நாட்டில் காட்டேஜ், ஹோம்ஸ்டே. வனத்துறையின் கட்டடமானால் ஓய்வு விடுதி. தமிழ்நாட்டுக் காதுக்கு வாடி என்றதும் காளை பாயும் வாடிவாசலோ, மரம் விற்கும் மரவாடியோதான் நினைவில் எழும். இலங்கையின் வன்னியிலுள்ள நாயாற்றில் வாடி என்பது, தென்மேற்குப் பருவக்காற்றில் தீவின் மேற்குக் கரை கொந்தளிக்கும் மாதங்களில் அங்கிருந்து வரும் மீனவர் கடலோரத்தில் போடும் கொட்டில். காற்று மாறினால் வாடி காலியாகிவிடும். சில நாள் இருந்துவிட்டுப் போவது என்ற பொருள் வாடிவீடு என்ற சொல்லிலேயே இருக்கிறது. காட்டேஜில் அது இல்லை.

வன்னியில் மலை கிடையாது. குமுழமுனைப் பக்கத்துக் குருந்தூர்மலையும் பெயரளவில்தான் மலை. உண்மையில் காட்டுக்குள் எழுந்த குன்று. எனவே நாயாற்றிலிருந்து குளிர் தேடிப் போகிறவர்கள் முல்லைத்தீவு, மாங்குளம் வழியாக ஏ9 வீதியில் ஏறிக் கண்டி சேர்ந்து, அங்கிருந்து நுவரெலியாவுக்குத் திரும்ப வேண்டும்.

நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம், உதகமண்டலம் 2,240. இந்தக் கணக்கை வைத்து நுவரெலியாவைச் 'சின்ன ஊட்டி' என்று சொல்வோர் பக்கத்து ஓட்டன் சமவெளியைச் சேர்த்துக்கொள்வதில்லை. 2,100 மீற்றருக்கு மேல் விரியும் அந்தப் புல்வெளியும் முகில்காடும் 1988இல் தேசிய பூங்காவாகி, 2010இல் உலக மரபுரிமையிலும் சேர்ந்தன. உள்ளே வனசீவராசிகள் திணைக்களத்தின் பங்களாக்கள் உள்ளன. முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அரிசி, பருப்பு, தேங்காய் எல்லாம் தங்குவோரே கொண்டுபோக வேண்டும். பங்களாக் காப்பாளர் அவற்றைச் சமைத்துத் தருவார். நாயாற்று வான் ஒன்றில் களப்பு இறாலும் கருவாடும் மலையேறும் என்று சொல்லத் தேவையில்லை; இறால் குழம்பும் புட்டும் அந்தக் குளிரில் கொடுக்கும் சுகத்தை எந்த ரிசார்ட்டின் பட்டியலிலும் தேடிப் பயனில்லை. தை, மாசியில் விடியற்காலைப் புல்லில் உறைபனி படியும். சாயங்காலம் மரை மேய வரும். மரை என்றால் தமிழ்நாட்டார் சற்று விழிப்பார்கள். அவர்களுக்கு அது கடமான், தெற்கே மிளா.

தமிழ்நாட்டு வனவிடுதிகளைப் பற்றி வன்னியில் அறியப்படுவது பெரும்பாலும் போய்வந்த உறவினர் சொன்னதுதான். ஆனைமலையின் டாப்சிலிப்பில், வெட்டிய மரங்களை மேலிருந்து சறுக்கிவிட்டதால் வந்த பெயரோடு, தேக்கங்காட்டு நடுவே விடுதிகள் இருக்கின்றன. ஆனால் அங்கே வனத்துறையின் துணையின்றிக் காட்டுக்குள் கால்வைக்க முடியாது. யானையும் புலியும் உள்ள காட்டில் அது நியாயமே. இலங்கையில் புலி இல்லை, சிறுத்தை உண்டு. யானையைப் பார்க்க நாயாற்றார் மலையேறத் தேவையுமில்லை. ஓட்டன் சமவெளியில் உலக முடிவுப் பள்ளம்வரை வழிகாட்டி இல்லாமலே நடந்து போகலாம்.

தோட்டப் பங்களாக்கள் இரு நாட்டிலும் ஒரே அச்சில் வார்த்தவை. தோட்ட மேலாளரான பெரியதுரை இருந்த வீடு, நீண்ட விறாந்தை, கணப்பு அடுப்பு, கீழே தொழிலாளர் குடியிருப்பு. இலங்கையில் பங்களாச் சமையற்காரர் அப்பு. தொழிலாளர் வீடு லயம், வயநாட்டுப் பக்கத்தில் பாடி. கங்காணி மட்டும் இரு கரைக்கும் பொது. 1964ஆம் ஆண்டு இலங்கை-இந்திய ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகத் தமிழருக்கு வேலை கொடுக்கவே நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டான்டீ தோட்டங்கள் உருவாயின. இலங்கையில் தமிழருக்கு எதிரான 1977 வன்முறைக்குப் பின் பல மலையகக் குடும்பங்கள் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறின. ஆகவே வன்னியிலிருந்து விடுமுறைக்குப் பங்களாவில் தங்கப்போகும் வானில், அந்தப் பங்களாவை லயத்திலிருந்து மட்டுமே பார்த்த ஒரு பாட்டியும் இருக்கக்கூடும். இந்த உறவு ஊட்டிக்கும் உண்டு, ஆனால் அங்கே அதைப் பற்றிய பேச்சு குறைவு.

மலையின் அமைதியைக் காக்கும் வழியிலும் இரு கரைக்கும் வேறுபாடு உண்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். நுவரெலியாவுக்கு எத்தனை வான் வந்தாலும் கேட்பாரில்லை. ஏப்ரல் வசந்தகாலக் கொண்டாட்டத்தில் கிரகரி வாவியைச் சுற்றி அவை நகராமல் நிற்பதும் அதனால்தான்.