மூளைப்படமும் பால்வேற்றுமையும்

பொருளின் உண்மையைத் துணிதற்குக் கருவியாவன அளவைகள். அவற்றைக் காண்டல், கருதல், உரை என மூன்றாக அடக்கிக் கூறுவது சைவசித்தாந்த நூன்மரபு. அளவை வழுவுறின் துணிபும் வழுவுறும். ஆணின் மூளை வேறு, பெண்ணின் மூளை வேறு என விஞ்ஞானத்தின் பெயரால் இக்காலத்து வழங்கும் கூற்றினை அவ்வளவை நெறிநின்று ஈண்டு ஆராய்வாம். இஃது ஏட்டளவில் நிற்கும் வாதமன்று. உயர்தர வகுப்பிற் கணிதப் பிரிவை நாடும் மாணவியை நோக்கி, "உனக்கு அது ஒத்துவராது" என்பார்க்கு இக்கூற்று ஒரு சான்றாய் உதவுகின்றது.

இக்கூற்றைப் பெரிதும் பரப்பியது, 2013 டிசம்பரில் வெளிவந்த பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வு. அதனை நடத்திய குழுவில் முதன்மை பெற்றவர் மதுரா இங்கல்ஹலிகர், ராகினி வர்மா என்னும் இந்தியப் பெண்மணிகள் இருவர். 8 முதல் 22 வயது வரையுள்ள 949 பேரின் மூளைகளைப் படமெடுத்து, ஆண்களில் ஒவ்வொரு மூளைப் பாதியின் உள்ளேயும், பெண்களில் இரு பாதிகளுக்கிடையேயும் இணைப்புகள் மிக்குள்ளன என முடிவு கூறினர். உடனே, ஆடவர் நிலப்படம் பார்க்கப் பிறந்தவர், பெண்டிர் பல கருமங்களை ஒருங்கு செய்யப் பிறந்தவர் எனப் பத்திரிகைகள் எழுதின.

அப்படம் காண்டலா, கருதலா என்பதே முதல் வினா. எம்.ஆர்.ஐ. எனப் பலரும் அறிந்த காந்தப் பரிவுப் படமெடுப்பின் ஒரு வகை, மூளையில் நீர் மூலக்கூறுகள் பரவும் திசையை அளப்பது. நரம்பு நாரின் நெடுக்கே நீர் எளிதிற் பரவும். குறுக்கே அத்துணை எளிதிற் பரவாது. அத்திசையைக் கொண்டு நார் இவ்வழிச் செல்லும் எனக் கணினி கணித்து வரைகின்றது. ஆகவே, படத்தில் நாம் காண்பன நார்களல்ல. புகை கண்டு நெருப்பை உணர்வதுபோலக் கருதிப் பெற்ற கோடுகளே. நார்கள் ஒன்றையொன்று ஊடறுக்கும் இடத்துக் கணிப்பு வழிதவறும். படுத்திருப்பார் தலை சிறிது அசையினும் அளவு மாறும். இரு குழுவினருள் ஒரு சாரார் மிகுதியாக அசைவராயின், அசைவின் வேற்றுமையே மூளையின் வேற்றுமையாகத் தோன்றிவிடும்.

இனி, தருக்க நூலார் உபாதி என ஒன்று கூறுவர். நெருப்புள்ள இடமெல்லாம் புகையுண்டு என அனுமானித்தல் வழுவாம். பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்புண்டு, புகையில்லை. புகை எழுவதற்கு ஈரவிறகின் சேர்க்கையும் வேண்டும். பால்வேற்றுமை ஆய்வில் ஈரவிறகாய் நிற்பது மூளையின் பருமன். உடல் பெரிதாதல் போல, ஆடவர் மூளை சராசரியாக நூற்றுக்கு 11 பங்களவிற் பெரிது. மூளை பெரிதாகுந்தோறும் இரு பாதிகளுக்கிடையே உள்ள தூரமும் கூடும். பாதியின் உள்ளிணைப்புகள் ஒப்பளவில் மிகும். சூரிச் பல்கலைக்கழகத்தார் 2014 இல் ஆராய்ந்தபோது, இவ்வியல்பு ஆண் பெண் இருபாலாரிடத்தும் பருமனைப் பற்றியே நிற்றல் கண்டனர். முப்பது ஆண்டு ஆய்வுகளைத் திரட்டி நோக்கிய லீஸ் எலியட் குழுவினர், பருமனை நீக்கியபின் மூளைகளிடைக் காணும் வேறுபாட்டிற் பாலால் விளங்குவது நூற்றுக்கு ஏறத்தாழ 1 பங்கே என 2021 இல் எழுதினர்.

மற்றொரு வழு எண்ணிக்கையாற் படுவது. 1995 இல் யேல் பல்கலைக்கழகத்தார் 19 ஆடவரும் 19 பெண்டிரும் ஓசையொப்புமையை ஆராயும்போது படமெடுத்தனர். ஆடவர் மூளையின் இடப்பக்கமே பெரிதும் தொழிற்பட்டது எனவும், பெண்டிருள் 11 பேருக்கு இருபக்கமும் தொழிற்பட்டன எனவும் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்டனர். செய்தி உலகெங்கும் பரவிற்று. நெதர்லாந்தின் ஐரிஸ் சொம்மர் குழுவினர் 2004 இலும் 2008 இலும் இத்தகைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து நோக்கியபோது அவ்வேற்றுமை நிலைபெறவில்லை. வேற்றுமை கண்ட கட்டுரை விரைந்து அச்சேறுவதும், காணாத கட்டுரை மேசையில் உறங்குவதும் இம்மயக்கத்தை வளர்க்கின்றன.

அற்றேல், வேற்றுமை சிறிதும் இல்லையோ எனின், அவ்வாறு கூறுதலும் நேர்மையன்று. 2024 இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்து வினோத் மேனன் குழுவினர், ஏறத்தாழ 1,500 இளைஞரின் மூளை இயக்கப் படங்களைக் கொண்டு, ஆணோ பெண்ணோ என்பதை நூற்றுக்குத் தொண்ணூற்றின் மேல் சரியாகக் கணினி கூறக் கண்டனர். ஆயினும் வகைபிரித்தல் வேறு, தரங்காணல் வேறு, காரணங்காணல் வேறு. பேச்சின் ஓசையைக் கேட்டு ஒருவர் வடமராட்சியாரா, மட்டக்களப்பாரா எனத் தேர்ந்து கூறலாம். அதனால் அவ்வேற்றுமை பிறவியில் வந்ததென்றோ, ஒருவர் மற்றவரிலும் அறிவிற் சிறந்தவரென்றோ பெறப்படாது. பிறந்த நாள்தொட்டு வெவ்வேறாக வளர்க்கப்பட்ட இருவரின் மூளையிற் காணும் வேற்றுமை, பிறப்பின் பயனா வளர்ப்பின் பயனா என்பதை ஒரு படம் தானே உரையாது.

2019 இல் ஐதராபாத்திலுள்ள சர்வதேசத் தகவல் தொழினுட்ப நிறுவகத்தார் இந்தியர்க்குரிய மூளைப் படத்தொகுதியொன்றை வெளியிட்டனர். படமெடுக்கும் கருவியின் வேறுபாடு முடிவிற் புகாவண்ணம், 100 பேரை மூன்று மருத்துவமனைகளில் மூன்று கருவிகளாற் படமெடுத்தமை போற்றற்குரியது. மேலைநாட்டார் மூளையிலும் இந்தியர் மூளை உயரத்திலும் அகலத்திலும் பருமனிலும் சராசரியாகச் சிறிது என அவர்கள் கண்டனர். அதுகொண்டு இந்தியரோ, அவரோடு நெருங்கிய நாமோ அறிவிற் குறைந்தவர் என ஒப்புவார் நம்முள் எவருமிலர். நமக்கு எதிராக எழுந்தால் நாம் ஏலாத ஏதுவை, நம் பெண்மக்களுக்கு எதிராக மாத்திரம் ஏற்றல் எந்த அளவைக்கும் ஒவ்வாது.

மூளைப்படம் நோயறிதற்குச் சிறந்த துணை. மூளையின் இயல்பை ஆராய்வார்க்கும் வேண்டப்படுவது. மாணவியொருத்திக்குக் கணிதம் வருமோ வாராதோ என்பதைத் துணிதற்கு அது கருவியாகாது. அதற்கு ஆசிரியர் கையிலுள்ள அளவை, முறையாகக் கற்பித்தபின் அவள் எழுதித் தரும் விடைத்தாளே.