தோப்புக்குள் மின் டிராக்டர்: கலப்பையும் லோடரும் மாட்டிப் பார்த்தோம்

ராயகிரி, புளியங்குடிப் பக்கத்து எலுமிச்சைத் தோப்புகளுக்குள் பெரிய டிராக்டரை விட்டால் கிளை முறியும், வேரும் மிதிபடும். குறுகலான சின்ன டிராக்டர்தான் அங்கே தோது. 15 குதிரைத்திறன் மின் டிராக்டர் ஒன்றில் பின்னால் ஐந்து கொழுக் கலப்பையும், முன்னால் பட்டறையில் செய்த லோடரும் மாட்டி ராயகிரியில் ஓட்டிப் பார்த்தேன். உழவுக்கு வண்டி நன்றாகவே ஒத்துவருகிறது. லோடருக்கும் ஒத்துவரும், எடைக் கணக்கைச் சரியாகப் போட்டால்.

இந்த யோசனைக்கு அரை நூற்றாண்டு வயது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் 1969-லேயே 'எலெக்-டிராக்' என்ற மின் தோட்ட டிராக்டரை விற்கத் தொடங்கியது. அதன் பெரிய மாடலான இ-20-இல் ஆறு ஈய பேட்டரிகள். மொத்தம் 36 வோல்ட். அந்தப் பழைய வண்டிகளில் இன்றும் கலப்பையும் லோடரும் பொருத்தி வேலை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பேட்டரியின் பாரமே சக்கரத்தை மண்ணில் அழுத்திப் பிடித்ததுதான் அதற்குக் காரணம். இன்றைய லித்தியம் பேட்டரி எடை குறைவு. அந்த அழுத்தத்தை நாம்தான் தனியாகக் கொடுக்க வேண்டும்.

உழவு: மின் மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு இழுவிசையைத் தருகிறது. ஈரப்பதமுள்ள செம்மண்ணில் கொழு இறங்கியதும் வண்டி திணறவில்லை. மரத்தடியில் நிறுத்தி நிறுத்தி ஓட்டும்போது இந்தக் குணம் பெரிய வசதி. காய்ந்து இறுகிய நிலத்தில் சக்கரம் சுழலத் தொடங்கியது. பின் சக்கரத்தில் எடைத் தட்டு மாட்டி, இரண்டு கொழுவைக் கழற்றியதும் சரியானது. சட்டிக் கலப்பையை இதில் மாட்ட நினைக்க வேண்டாம்.

லோடர்: முன் அச்சுக்கு முக்கால் மீட்டர் முன்னால் 200 கிலோ கரம்பை மண் தொங்குகிறது, இரண்டு அச்சுக்கும் இடையே ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் சக்கரத்தில் 100 கிலோ குறையும். முன் அச்சில் 300 கிலோ ஏறும். இழுப்பதோ பின் சக்கரம்! அதனால் லோடர் ஓட்டும்போது கலப்பையைக் கழற்றாமல் பின்னால் தூக்கி வைத்தே ஓட்டினேன். அதுவே எதிர் எடை ஆனது. பக்கெட்டைத் தரையை ஒட்டித் தாழ்வாக வைத்தே நகர வேண்டும்.

பட்டறையில் சொல்ல வேண்டியவை: லோடர் சட்டத்தை முன் அச்சோடு நிறுத்தாமல் பின் அச்சு வரை கொண்டுபோய் போல்ட் போடுங்கள். பேட்டரிப் பெட்டிக்கு அருகே துளை போடக் கூடாது. வெல்டிங் வைப்பதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். வாங்கும்போதே ஹைட்ராலிக் பம்புக்குத் தனி மோட்டார் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் வண்டி நிற்கும்போது பக்கெட் தூக்குமா என்பதை நேரில் பார்த்துவிடுங்கள்.

சார்ஜ்: 2020 டிசம்பரில் வந்த சோனாலிகா டைகர் எலெக்ட்ரிக்கை உதாரணமாக எடுப்போம். பேட்டரி 25.5 கிலோவாட் மணி, மோட்டார் 11 கிலோவாட். முழு பலத்தில் ஓடினால் இரண்டேகால் மணி நேரம்தான். அதையே எட்டு மணி நேரம் ஓட்ட வேண்டுமானால் சராசரியாக மூன்று கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. எனவே உழவைக் காலையில் முடித்துவிட்டு, லேசான வேலைகளை மிச்ச சார்ஜில் பாருங்கள். இலவச விவசாய மின்சாரம் பம்புசெட்டுக்காகத் தரப்படுவது. சார்ஜரை அதில் மாட்டக் கூடாது.

ஐந்தாறு ஏக்கர் தோப்பு, மாட்டுத் தொழுவம், ஆண்டுக்கொருமுறை குளத்துக் கரம்பை என்று வேலை உள்ளவர்களுக்கு இந்த வண்டியை மனதாரப் பரிந்துரைக்கிறேன். நாள் முழுக்கக் கூலி உழவு ஓட்டுகிறவர்கள் இப்போதைக்கு டீசலிலேயே இருக்கட்டும்.