சிவத்தம்பியின் கட்டுரைகளை எந்த ஆண்டில் வைத்து வாசிப்பது?

ஈழத்து இலக்கியம் தனக்கென ஒரு வரலாறு உடையதா, தமிழக இலக்கியத்தின் ஒரு கிளை மட்டுமா? அறுபது ஆண்டுகளுக்கு முன் இந்தக் கேள்விக்காக எழுத்தாளர்கள் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாமலிருந்தார்கள். இன்று பாடத்திட்டத்தில் அதற்கு ஒரு தாள் இருக்கிறது, கேள்வி அடங்கிவிட்டது. அது அடங்கும்படி ஆய்வு அடித்தளம் இட்டவர்களில் க. கைலாசபதியும் கார்த்திகேசு சிவத்தம்பியும் முதன்மையானவர்கள். சிவத்தம்பி (1932–2011) 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் போகும்வரை நுகேகொடை கங்கொடவிலையில் இருந்த அன்றைய வித்தியோதயப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தார். ஓய்வுக்குப் பின் கொழும்பிலேயே வாழ்ந்து மறைந்தார். மலர்களிலும் சஞ்சிகைகளிலும் சிதறிக்கிடந்த அவருடைய எழுத்தில் கணிசமான பகுதி இன்று, 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தின் வழியே வாசிக்கக் கிடைக்கிறது. அவற்றை ஒருசேர எடைபோட இப்போதுதான் வாய்ப்பு வந்திருக்கிறது.

முதலில் அசைக்க முடியாத பலம். 1974இல் ‘சோஷியல் சயன்டிஸ்ட்’ இதழில் வந்த திணைக்கோட்பாடு பற்றிய கட்டுரையில், ஐந்திணைகளை நிலப்பகுதிகளின் சமனற்ற பொருளாதார வளர்ச்சியோடு சேர்த்துப் பார்த்தார். ஈழத்து இலக்கியத்தையும் அவர் அதே கண்ணால்தான் பார்த்தார். யார் எழுதினார் என்பதோடு நில்லாமல், எழுதும் நிலைக்கு யாரெல்லாம் எப்படி வந்தார்கள் என்று கேட்டார். இந்தக் கேள்வியின் பெறுமதி பெரிது. 1945இன் இலவசக் கல்வி, தாய்மொழிவழிப் படிப்பு, தனிச் சிங்களச் சட்டம் வந்த 1956இன் அரசியல் கொதிப்பு ஆகியவற்றைத் தள்ளிவைத்துவிட்டு, ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து எழுத வந்த டொமினிக் ஜீவாவையோ கே. டானியலையோ விளக்க முடியாது. அவர்களுடைய பேச்சுமொழியை ‘இழிசனர் வழக்கு’ என்று பண்டிதர்கள் ஒதுக்கியபோது, அது மொழிச் சண்டையாக வந்த சாதிச் சண்டை என்பதைக் காட்ட இந்த முறையால் முடிந்தது. ஈழத்துப் பூதந்தேவனாரின் ஏழு சங்கப் பாடல்களில் தொடங்கி, 1310இல் தம்பதெனிய அரசவையில் அரங்கேறிய சரசோதிமாலை என்ற சோதிட நூலுக்குத் தாவி, தொடர்ச்சி கண்டுவிட்டதாக மகிழும் வரலாறுகள் நம்மிடம் உண்டு. நடுவில் ஆயிரம் ஆண்டு வெற்றிடம்! பழைமையைக் கொண்டு தனித்துவம் நாட்டுவதைவிட, நவீன சமூக நிலைமைகளைக் கொண்டு நாட்டுவது எவ்வளவோ நேர்மையானது. சிவத்தம்பியின் முறை இந்த இரண்டாவது வழியைத் திறந்தது.

ஆனால் ‘தேசிய இலக்கியம்’ என்ற கருத்துக்குள் போனதும் தரை நழுவுகிறது. 1954இல் உருவான இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் அறுபதுகளை ஒட்டி இக்குரலை எழுப்பியபோது, தேசம் என்பது சிங்களவரும் தமிழரும் சேர்ந்த இலங்கை. அந்தத் தேசமோ 1948இலேயே மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்திருந்தது. 1947இல் நாடாளுமன்றத்துக்குத் தெரிவான மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையை ஈழத்து இலக்கியத்தின் பெருமையாக எண்ணுகிறோம். அவருடைய மக்களைத் தேசத்துக்கு வெளியே தள்ளிவிட்டு, எழுத்தை மட்டும் தேசியக் கணக்கில் வரவு வைப்பது எப்படி? 1983 இனக்கலவரத்துக்குப் பின் அதே சொல் தமிழ்த் தேசியத்தின் பக்கம் நகர்ந்தது. 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அந்தப் பொருளும் உடைந்தது. தமிழ் பேசும் மூன்று சமூகங்களையும் ஒரே நேரத்தில் தாங்கக்கூடியதாக அந்தச் சொல் ஒருநாளும் இருக்கவில்லை. சிவத்தம்பி காலத்தோடு நகர்ந்தவர், அது குற்றமில்லை. நகர்ந்த சுவடு தெரியாமல் எல்லாக் கட்டுரைகளையும் ஒரே குரலாக வாசிக்கும் நாம்தான் தவறு செய்கிறோம். இலக்கிய வரலாறு எழுதுவோர் எந்த நோக்கில் நின்று காலத்தைப் பகுக்கிறார்கள் என்று ‘தமிழில் இலக்கிய வரலாறு’ நூலில் கூர்மையாக ஆராய்ந்தவர் அவர். அதே அளவுகோலை அவருடைய கட்டுரைகளுக்கும் வைப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

இன்னொரு குறையையும் மறைக்கக் கூடாது. ஒரு கதை ஏன் அந்தக் காலத்தில் பிறந்தது என்பதற்கு அவரிடம் விடை உண்டு. அதே காலத்தில் பிறந்த இரண்டு கதைகளில் ஒன்று ஏன் நிற்கிறது, மற்றது ஏன் உதிர்கிறது என்பதற்கு அவர் தரும் விடை மெலிந்தது. மு. தளையசிங்கம் ‘ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி’யில் முற்போக்காளர் மீது வைத்த விமர்சனத்தில் மிகைகள் உண்டு. என்றாலும் படைப்பாளியின் அகத்தைப் பற்றி அவர் எழுப்பிய கேள்வி இன்னும் உயிரோடிருக்கிறது. அதற்குச் சிவத்தம்பி உள்ளிட்ட முற்போக்கு அணி முழுமையாக முகம் கொடுக்கவில்லை என்பதே என் எண்ணம். இந்த மெலிவு அதிகம் தெரிவது பிறர் நூல்களுக்குச் சிவத்தம்பி எழுதிய முன்னுரைகளில். கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாத ஆசான் அவர். அந்த அன்பு மனிதருக்கு அழகு, மதிப்பீட்டுக்குச் சேதம்.

எண்ணிம நூலகத்தில் இத்தகைய முன்னுரைகளும் திணைக் கட்டுரை போன்ற ஆய்வுகளும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. இளம் ஆய்வாளர் இரண்டிலிருந்தும் ஒரே கனத்தோடு மேற்கோள் எடுக்கிறார். தொகுப்பு நூல்களிலோ பல கட்டுரைகளுக்கு முதல் வெளியீட்டு ஆண்டுகூட இல்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த சமூகம் நாம். சேகரிப்பதையே பெரும் பணியாகக் கருதியதில் நியாயம் இருக்கிறது, அதைச் செய்த தன்னார்வலர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் சேகரித்ததோடு ஆய்வாளரின் வேலை முடியவில்லை.

என் தீர்ப்பு இது: ஈழத்து இலக்கியம் எப்படி உருவானது என்பதற்குச் சிவத்தம்பியைவிட நம்பத்தக்க வழிகாட்டி குறைவு, எது சிறந்த படைப்பு என்பதற்கு அவரை இறுதிச் சொல்லாகக் கொள்ள முடியாது, தேசியம் பற்றிய அவருடைய எந்த வரியையும் ஆண்டு தெரியாமல் மேற்கோள் காட்டக் கூடாது. காலவரிசையில், முதல் வெளியீட்டு விவரத்தோடு, ஆய்வுக்கட்டுரை வேறு முன்னுரை வேறு எனப் பிரித்த செம்பதிப்பு ஒன்று அவருக்கு வேண்டும். அவரிடம் படித்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எந்தக் கட்டுரை எந்தக் கூட்டத்துக்காக எழுதப்பட்டது என்பதை அவர்களிடம் கேட்டு அறியக்கூடிய காலத்திலேயே பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் இந்தப் பதிப்பு வேலையைத் தொடங்க வேண்டும்.