ஜன்னலில்லாத அமைச்சு

ஜோர்ஜ் ஓர்வெல்லின் '1984' நாவலை ஒரு காலத்தில் மாணவர்களுக்குப் படிப்பித்தவன் நான். இப்போது தொழிற்சாலையில் இரவு வேலை. இடைவேளைகளில் அந்த நாவலை மறுபடி வாசித்து முடித்தேன். அன்று சோவியத் எதிர்ப்பு நாவல் என்று ஒரு வசனத்தில் கடந்துவிட்ட இடத்தில் இம்முறை நின்றுவிட்டேன்.

நாவலின் கற்பனை நாடான ஓஷியானியாவில் நான்கு அமைச்சுக்கள். செய்தி, கல்வி, கலை யாவும் உண்மை அமைச்சிடம். யுத்தம் சமாதான அமைச்சிடம். பொருளாதாரம் செழிப்பு அமைச்சிடம். சட்டமும் ஒழுங்கும் அன்பு அமைச்சின் பொறுப்பு. நீதி என்ற பெயரில் அமைச்சு இல்லை. அன்பு அமைச்சின் கட்டிடத்துக்கு ஜன்னல்களே கிடையாது. சுற்றிலும் முட்கம்பி, இரும்புக் கதவுகள், மறைத்து வைத்த யந்திரத் துப்பாக்கிகள். நிலத்துக்கடியில் 101ஆம் அறை.

உண்மை அமைச்சின் அன்றாடத்தை ஓர்வெல் நுணுக்கமாக எழுதுகிறார். அங்கே வேலை செய்யும் வின்ஸ்டன் ஸ்மித்தின் மேசை, குழாய் வழி வந்து விழும் துண்டுகள், பழைய பத்திரிகையைத் திருத்தும் விதம், எரிப்பதற்கான துவாரம் எல்லாம் நமக்குத் தெரியும். அன்பு அமைச்சில் அப்படியான அலுவலக மேசை ஒன்றைக் கூடக் காணோம். நாம் காண்பது பெரும்பாலும் கைதி, காவலாளி, விசாரிப்பவர், வெள்ளைக் கோட்டுக்காரர், ஓ'பிரையன். பகிரங்க விசாரணைகள் நடந்ததாகச் செய்தி வருகிறது, நீதிபதி ஒருவரும் பாத்திரமாக வருவதில்லை. ஓஷியானியாவில் சட்டங்களே இல்லை என்றும் நாவல் சொல்கிறது.

எனது விமர்சனம் இங்கேதான். உலகின் கொடுங்கோன்மைகள் சட்டத்தைக் கைவிட்டுவிடவில்லை. 1936 முதல் 1938 வரை நடந்த மொஸ்கோ விசாரணைகளில் நீதிபதிகள் இருந்தார்கள், விஷின்ஸ்கி என்ற வழக்குத் தொடுநரும் இருந்தார். 1947இல், நாவல் வெளிவருவதற்கு இரண்டு வருடங்கள் முன்னர், நூரம்பேர்க்கில் ஜெர்மன் நீதித்துறையினரே குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். பதில் நீதி அமைச்சராக இருந்த ஷ்லெகல்பேர்கருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. நமது நாட்டில் 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டமும் பாராளுமன்றம் முறையாக நிறைவேற்றிய சட்டம்தான். பொலிஸ் அதிகாரி முன் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக்கியது அதுவே.

நிற்க. எண்பதுகளில் நமது இயக்கங்கள் வைத்திருந்த வதைமுகாம்களுக்குச் சட்டப் புத்தகம் ஏதும் இருக்கவில்லை. அங்கே ஓர்வெல் பிழைக்கவில்லை. தண்டிப்பதோடு நில்லாமல், கைதி தன்னைத் தானே வெறுத்துத் தலைமையை நேசிக்க வேண்டும் என்று ஓ'பிரையன் கேட்பதை நம்மில் சிலர் நேரில் கேட்டிருக்கிறார்கள். ஆகவே நாவலைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. அது பாதி உண்மை என்கிறேன்.

மற்றப் பாதி காஃப்காவிடம் இருக்கிறது. அவருடைய 'விசாரணை' நாவலில் நீதிமன்ற அலுவலகங்கள் ஏழைகள் குடியிருக்கும் மாடிவீடுகளின் பரண்களில் இயங்குகின்றன. ஓர்வெல் 1922 முதல் 1927 வரை பர்மாவில் பொலிஸ் அதிகாரி. காஃப்கா பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனத்து உத்தியோகத்தர். ஒருவர் சிறையை அறிந்தவர், மற்றவர் கந்தோரை அறிந்தவர்.

நான் நிற்கும் இடத்தில் ஒரு துண்டு உலோகத்தில் துளை போடுகிறேன். அது எந்த யந்திரத்துக்குப் போகிறது என்று கேட்டதில்லை. மாதம் முடிய சம்பளம் வருகிறது. நமது விவாதங்களில் ஓ'பிரையன் யார் என்றே ஓயாமல் கேட்கிறோம். கோவையை மேசைக்கு மேசை நகர்த்தியவர்கள், பெயர்ப் பட்டியலைத் தட்டச்சு செய்தவர்கள், அரசுக்கும் இயக்கத்துக்கும் அறிக்கை எழுதிக் கொடுத்தவர்கள் யார்? அவர்கள் நம்மைப் போலப் படித்தவர்கள். வின்ஸ்டனும் கைதாகும் நாள் வரை அப்படியொரு உத்தியோகத்தன்தான், தன் வேலையை அவன் ரசித்தும் செய்தான். மாணவர்களுக்கு நான் சொல்லாமல் விட்டது அதைத்தான்.